அரைக் கப் அன்னாசி

பழத்தைக் கப்பால் அளப்பார்கள் என்பது எனக்குப் பினாங்குக்கு வந்த பிறகுதான், அதுவும் ஒரு மருத்துவமனை அறையில்தான் தெரிந்தது. உணவு ஆலோசகரின் மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த சோற்றுக் குவியல், பிளாஸ்டிக் மீன், பிளாஸ்டிக் பப்பாளித் துண்டுகள் எல்லாம் கடை பரப்பியதுபோல் கிடந்தன. ஆலோசகர் முப்பது வயதுகூட நிரம்பாத மலாய்ப் பெண். கேக் செய்கிறவர்கள் வைத்திருக்கும் அளவுக் கப் ஒன்றை எடுத்து, அதில் அந்தப் பப்பாளித் துண்டுகளைப் பாதிவரை போட்டு என் கணவரிடம் காட்டினார். "செத்தெங்கா சாவான்" என்றார். அரைக் கப். ஒரு வேளைக்கு அவ்வளவுதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வாழைப்பழமும் டுரியானும் கூடவே கூடாது. பப்பாளி, அன்னாசி, ஆப்பிள் எல்லாம் இந்த அளவுக்குள் இருந்தால் பரவாயில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடமில்லை அது. என் கணவர் சேகரனின் சிறுநீரகங்கள் பாதி வேலையை நிறுத்திவிட்டன, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் நேராக இதயத்தில்தான் கை வைக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியிருந்தும் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பழத்தை எடை போட்டதுண்டு, விற்பதற்கு. திராட்சையைப் பெட்டியோடு தராசில் ஏற்றி வியாபாரி ஒரு கணக்குச் சொல்வார், அப்பா இன்னொரு கணக்குச் சொல்வார், இரண்டு பேரும் கத்தி முடித்து ஒரு கணக்குக்கு வருவார்கள். தின்பதை யாரும் அளக்கவில்லை. அளந்து தின்னும்படி பழம் ஒரு நாள் நமக்கு எதிரியாகும் என்றால் அங்கே யார் நம்பியிருப்பார்கள்? ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு இன்றும் அது வேடிக்கையாகத்தான் இருக்கும். எனக்கும் வேடிக்கையாகவே தொடங்கியது. அதனால்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சேகரன் இந்த ஊர்க்காரர். ஆயர் ஈத்தாமில் பிறந்து, ஆயர் ஈத்தாம் சந்தையில் வளர்ந்தவர் என்றே சொல்லலாம். அவருடைய அப்பா அந்தச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம் சேகரன் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பத்தடி நடப்பதற்குள் மீன் கடையிலிருந்து ஒரு குரல், தேங்காய் துருவுகிற இடத்திலிருந்து ஒரு குரல். சீனத்தில் கூப்பிட்டவர்களுக்குச் சீனத்தில் பதில் சொன்னார், மலாயில் கேட்டவர்களுக்கு மலாயில் சொன்னார், என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். நான் வாயைப் பிளந்துகொண்டு கூடவே நடந்தேன். ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "மூட்டை தூக்குறவன் மகனுக்கு இவ்ளோ நல்ல பொண்ணான்னு கேக்குறாங்க லா" என்றார். இந்த ஊரில் எந்தப் பேச்சின் முடிவிலும் ஒரு 'லா' வரும். முகமெல்லாம் சிரிப்பு.

அன்றிலிருந்து இருபது வருடம் ஆகப்போகிறது. இந்த இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட மலாய் கடைத்தெருவைத் தாண்டவில்லை. விலை கேட்பேன், குறைக்கச் சொல்வேன், வேண்டாம் என்பேன். அதற்குமேல் ஒரு வாக்கியம் வேண்டுமென்றால் சேகரன் இருந்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் தமிழ், கோயிலில் தமிழ், தொலைக்காட்சியில் தமிழ். தேவைப்படவில்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பார். அந்தச் சுருக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திறக்காமலேயே இருந்துவிட்டேன். புலம்பெயர்ந்த பெண்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும்.

ஆலோசகர் சொன்னதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். கேக் சாமான் விற்கும் கடையில் அதே மாதிரி அளவுக் கப்புகள் வாங்கினேன். காய்கறியை வெட்டி, கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தேன். செய்யும்போது ஒரு யோசனை வந்தது. காய்க்கு நல்லது பழத்துக்கும் நல்லதுதானே? பச்சையாகக் கொடுப்பதைவிட வேகவைத்துக் கொடுத்தால் இன்னும் பத்திரம். அன்னாசியைத் துண்டு போட்டு, ஒரு பட்டைத் துண்டு சேர்த்து அடுப்பில் வைத்தேன். வெந்ததும் தண்ணீரை வடிக்கப் போனேன், மனசு வரவில்லை. அத்தனை இனிப்பும் வாசனையும் அதில்தானே இருக்கிறது. சாக்கடையில் ஊற்றவா? சின்னத் தீயில் வைத்து, தண்ணீர் பழத்துக்குள்ளேயே வற்றும்வரை கிளறினேன். பச்சடி பதத்துக்குப் பளபளவென்று வந்தது. அதை அரைக் கப்பில் அள்ளி, கத்தியின் முதுகால் வழித்துத் தட்டையாக்கி, கிண்ணத்தில் கொட்டிக் கொடுத்தேன். பப்பாளியும் அப்படித்தான், ஆப்பிளும் அப்படித்தான். சேகரன் சாப்பிட்டார். "நல்லா இருக்கு, ஆனா பழம் மாதிரி இல்ல" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். ஒரு கரண்டிகூட அதிகம் வைத்ததில்லை நான். என் கண்டிப்பைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறையவில்லை. ஏறியிருந்தது. சேகரன் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது ஆலோசகர் என்னை உள்ளே கூப்பிட்டார். வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த வார்த்தைகளை அடுக்கி, பழம் சமைத்துத்தான் கொடுக்கிறேன், அரைக் கப்தான் என்று சொன்னேன். மாசாக் என்றால் சமைப்பது. அது தெரியும் எனக்கு. "புவா மாசாக், செத்தெங்கா சாவான்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "பாகூஸ், காக்" என்றார். நல்லது அக்கா. பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் தயங்கி, தாழ்ந்த குரலில் கேட்டார்: "மாக்கான் டி லுவார்?" வெளியே சாப்பிடுகிறாரோ?

அந்த மூன்று வார்த்தைகளும் எனக்குத் துல்லியமாகப் புரிந்தன.

திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர் முதுகைப் பார்த்தேன். நான் அடுப்படியில் நின்று வழித்து வழித்து அளக்கிறேன், இவர் பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் தொழிற்சாலை வாசலில் நின்று வெட்டுப்பழம் தின்கிறாரா? வீடு வந்ததும் கேட்டேன்.

"வெளிய பழம் சாப்பிடுறீங்களா?"

"இல்லையே. யார் சொன்னா?"

"ரத்தம் சொல்லுது."

அவர் சிரித்தார். "நான் என்ன சின்னப் பிள்ளையா, ஒளிஞ்சு திங்க?"

அவர் சிரித்ததுதான் எனக்குக் குற்றமாகப் பட்டது. அதற்கப்புறம் நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் என் பிறந்த வீட்டார்கூட என்னை ஒதுக்கிவிடுவார்கள். வேலை முடிந்து வந்ததும் சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தேன். கை கழுவப் போகுமுன் நகத்தைக் காட்டச் சொன்னேன், மாம்பழ மஞ்சள் இருக்கிறதா என்று. கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வந்த வாழைப்பழத்தை அவர் கைக்குப் போகுமுன் பிடுங்கி, பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "இவருக்கு ஆகாது, குடுத்தா நிறுத்த மாட்டார்" என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெண் சேகரனைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். கவனித்தும் கவலைப்படவில்லை. ஒரு நாள் மோட்டார் சைக்கிளின் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. பைக்குள் மூங்கில் குச்சி, அடியில் வெட்டுப்பழத்தில் தூவுகிற சிவப்புப் புளிப்புத் தூள். எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன்.

"இது என்ன?"

"ஜெகன் சாப்பிட்டது லா. வேலை விட்டு வரும்போது என் கூடத்தான் வந்தான். குப்பைய ரோட்டுல போடாதன்னு நான்தான் உள்ள வைக்கச் சொன்னேன்."

"சாக்குச் சொல்ல ஜெகன் நல்லா வாய்ச்சாரு உங்களுக்கு."

"நம்பலன்னா விடு" என்றார். சத்தம் போடவில்லை. எழுந்து குளிக்கப் போனார். சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

மறுநாள் காலை நான் சந்தைக்குப் போனேன். எங்கள் அடுக்குமாடியிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியில் அந்தச் சந்தை முனையில்தான் ஆ லான் பழக்கடை வைத்திருக்கிறார். அறுபதை நெருங்கும் சீனப் பெண்மணி. எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். சேகரன் எங்கேயாவது வாங்கித் தின்றால் இங்கேதான் என்று தீர்மானித்திருந்தேன். அவரிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கணவருக்கு மலாயில் 'சுவாமி' என்று பெயர். வந்த புதிதில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

"ஆன்ட்டி, சுவாமி சாயா... ஜாங்கான் ஜுவால். டியா தீப்பு."

என் கணவருக்கு விற்காதீர்கள், அவர் என்னை ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஆ லான் அன்னாசி சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "தீப்பு?" என்று கேட்டார்.

"பானியாக் காலி" என்றேன். பல தடவை.

அவர் என்னையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ஐயோ... ஓகே, ஓகே." ஒரு சீனப் பெண்மணி என் கஷ்டத்தைப் புரிந்துகொண்டார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேகரன் இல்லாமல் நானே மலாயில் ஒரு பெரிய காரியத்தைப் பேசி முடித்துவிட்டேன் என்ற திருப்தி வேறு.

அதற்குப் பிறகு சில நாட்களில் சேகரன் மாறிப்போனார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சந்தைக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு மீன் வாங்கிக்கொண்டு வருவது அவர் வழக்கம். அதை நிறுத்திவிட்டார். "மீன் நீயே வாங்கிக்க" என்றார். வேலைக்குப் போகும்போதும் சந்தை முனையில் திரும்பாமல் சுற்று வழியில் போவதாக, அவரோடு வேலை செய்யும் ஜெகனின் மனைவி பேச்சுவாக்கில் சொன்னார். வீட்டில் பேச்சு குறைந்தது. பிடிபட்ட கள்ளனுக்கு வெட்கம் என்று நான் நினைத்தேன். ஆ லான் விற்க மறுத்திருப்பார், அதனால் கோபம் என்றும் நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, இனி ரத்தம் சரியாகிவிடும் என்று. அந்த மாதமெல்லாம் வழித்து அளந்த வெந்த பழத்தைக் காலையும் மாலையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தார்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் இந்தத் தடவை எங்களை உட்காரவைத்துப் பேசினார். இதே மாதிரி போனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும், ரத்தச் சுத்திகரிப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டிவரும் என்றார். சேகரன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தான் செய்யாத எதற்கோ திட்டு வாங்குகிற ஒருவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை. ஆலோசகரும் வந்தார். கப் வேண்டாம், ஒவ்வொரு வீட்டுக் கப்பும் ஒவ்வொரு மாதிரி, இனிமேல் எடை போட்டுக் கொடுங்கள் என்றார். "தீம்பாங்" என்று இரண்டு உள்ளங்கைகளையும் தராசுத் தட்டுபோல் ஏந்திக் காட்டினார். வெட்டிய பழம் ஒரு வேளைக்கு எண்பது கிராம். நான் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். அளவு மாற்றி என்ன பிரயோஜனம், வெளியே தின்கிறவருக்கு?

வரும் வழியில் ஒரு மின்தராசு வாங்கினோம். வீட்டில் அந்த வேளைக்கான அன்னாசி ஏற்கனவே வெந்து பாத்திரத்தில் இருந்தது. வழக்கம்போல் அரைக் கப் எடுத்து, வழித்து, தராசின்மேல் வைத்த கிண்ணத்தில் கொட்டினேன். எண்கள் ஓடின. எண்பதைத் தாண்டின, நூறைத் தாண்டின, நூற்று முப்பதுக்கு மேல் போய் நின்றன. தராசு கெட்டது என்று நினைத்துச் சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. அன்னாசியில் மிச்சமிருந்த பாதியை எடுத்து வெட்டினேன். பச்சைத் துண்டுகளை அதே அரைக் கப்பில் போட்டுத் தராசில் வைத்தேன். எண்பதுக்குப் பக்கத்தில் நின்றது. துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. கப்புக்குள்ளே பாதி காற்று.

அடுப்பைப் பற்றவைத்து அந்தத் துண்டுகளை வேகவைத்தேன். தண்ணீர் வற்றி மசிந்ததும் திரும்பக் கப்பில் அள்ளினேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. கப்பை நிரப்ப இன்னொரு அரைக் கப் பழத்தை வெட்டி வேகவைக்க வேண்டியிருந்தது.

ஒரு வேளைக்கு ஒரு பங்கு என்று சொல்லி இரண்டு பங்கு கொடுத்திருக்கிறேன். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. சாற்றைக்கூட வீணாக்காமல், அதிலிருந்த பொட்டாசியம் ஒரு சொட்டும் வெளியே போகாமல் பழத்துக்குள்ளேயே வற்றவைத்து. பச்சையாக வெட்டிக் கொடுத்திருந்தால் பாதிதான் போயிருக்கும். சேகரனுக்கு யாரும் வெளியே பழம் கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்திருக்கிறேன், கத்தியின் முதுகால் வழித்து.

சேகரன் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. தராசையும் கப்பையும் காட்டி எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அந்த ஆஸ்பத்திரி மிஸ்கிட்ட சமைச்சுக் குடுக்குறத நீ சொல்லலையா?"

"சொன்னேன். புவா மாசாக் குடுக்குறேன்னு சொன்னேன். நல்லதுன்னாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "புவா மாசாக்னா பழுத்த பழம். சமைச்ச பழம் இல்ல. நம்ம ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க."

நம்ம ஊர் என்று அவர் சொன்னது இந்த ஊரை. பழுத்த பழம் கொடுக்கிறேன் என்று நான் சொல்ல, அந்தப் பெண் நல்லது அக்கா என்றிருக்கிறார். வேறு என்ன சொல்வார்?

"நகத்தைக் காட்டச் சொன்னேனே" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "சரி விடு, இப்பவாச்சும் தெரிஞ்சுதே" என்றார். உடனே மன்னிக்கிற ஆள் அவர். ஆனால் அப்போதும் அவர் முகம் முழுதாகத் தெளியவில்லை. வேறு ஏதோ மிச்சமிருந்தது. எனக்குப் புரியவில்லை.

மறுநாள் ஆ லானிடம் போனேன், இனி அவருக்கு விற்கலாம் என்று சொல்ல. எனக்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்த பெருமையோடு. வேகமாகப் பேசினார். பாதி புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். கை காட்டிக் காட்டிச் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் இதுதான். நான் வந்து சொன்னதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து சேகரன் வந்திருக்கிறார். கூட வேலை செய்கிற ஒருவருக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போக ஒரு பை ஆரஞ்சு கேட்டிருக்கிறார். ஆ லான் பணத்தை வாங்கவில்லை, ஆரஞ்சும் கொடுக்கவில்லை. எதிரில் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கேட்கும்படி சத்தமாகச் சொல்லியிருக்கிறார்: "பினி யூ சாக்காப் யூ தீப்பு ஓராங்." நீ ஆட்களை ஏமாற்றுகிறவன் என்று உன் பெண்டாட்டியே வந்து சொன்னாள்.

தீப்பு என்றால் ஏமாற்று. என்னை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சின்னச் சொல்லை விட்டுவிட்டேன். அது இல்லாமல் நின்ற வாக்கியத்தை அவர் தனக்குத் தெரிந்தபடி நிரப்பிக்கொண்டிருக்கிறார். பல தடவை என்று நான் வேறு அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காப்பிக் கடையைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பனியனோடு இரண்டு சீனக் கிழவர்களும் ஒரு தமிழ்ப் பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். சேகரனுடைய அப்பா மூட்டை தூக்கிய காலத்தில் கூட இருந்தவர்கள். "டியா தாக் தீப்பு" என்றேன். அவர் ஏமாற்றவில்லை. "சாயா சாலா. சாயா!" தப்பு என்னுடையது. நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். ஆ லான் முதலில் நம்பவில்லை. கணவன் மிரட்டி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் அந்தத் தமிழ்ப் பெரியவரையே கூப்பிட்டேன். சிறுநீரகம், பொட்டாசியம், வெந்த பழம் எல்லாவற்றையும் தமிழில் அவரிடம் சொல்லி, அவர் மலாயில் சொல்ல, சந்தை முனையில் நாலு பேருக்கு நடுவே என் கதை முழுவதும் வெளியே வந்தது. பெரியவர் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "எத்தன வருஷமாச்சும்மா நீ வந்து?" என்று கேட்டார். வைவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஆ லான் வாயைப் பொத்திக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. சரசரவென்று ஒரு பையில் ஆரஞ்சுகளை அள்ளிப் போட்டு, உன் வீட்டுக்காரருக்குக் கொடு, நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்று நீட்டினார். இவ்வளவு ஆரஞ்சு அவர் சாப்பிடக் கூடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். "தாக் போலே..." என்றேன். கூடாது. உடனே அவர் முகம் விழுந்துவிட்டது. மன்னிப்பை ஏற்க முடியாது என்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். இதற்குமேல் ஒரு வாக்கியம் பேச எனக்குத் தைரியமில்லை. பையை வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை அந்தப் பையைச் சேகரன் முன்னால் வைத்தேன். ஆரஞ்சைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். அழுதுகொண்டேதான் கேட்டேன்.

"என்னான்னு சொல்றது?"

"என்னை வந்து கேட்டிருக்கலாம்ல? நாலு அறை விட்டிருக்கலாம்ல?"

"நீ என்ன சொல்ல வந்திருப்பேன்னு எனக்கு அங்கயே தெரிஞ்சிடுச்சு. உன் மலாய் எனக்குத் தெரியாதா?"

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே, அவ அப்படிச் சொல்ல வரலன்னு. உங்களுக்கு ரெண்டு வார்த்தை."

அவர் ஓர் ஆரஞ்சை எடுத்துக் கையில் உருட்டினார்.

"சொல்லலாம். என் பொண்டாட்டிக்கு இருபது வருஷமாகியும் பேச வராது, அவ உளறுறத எடுத்துக்காதீங்கன்னு சொல்லணும். அத்தன பேர் முன்னுக்கு. நாளைக்கு நீ அங்க போனா ஒவ்வொருத்தனும் உன் வாயப் பாப்பான். எனக்கு அது புடிக்கல. அதுக்கு இது பரவாலன்னு வந்துட்டேன்."

இருபது வருடமாக எதிரில் நிற்பவர் கண்ணைச் சுருக்குவதற்குப் பயந்தே வாழ்ந்தவள் நான். அது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அந்தப் பயத்துக்காக அவர் தன் அப்பாவின் சந்தையில் ஏமாற்றுக்காரன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் சுற்று வழியில் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். நான் அவர் சட்டையை முகர்ந்துகொண்டிருந்தேன். வெட்கம் என்ற சொல்லை இதற்கு முன் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், சொல்லியிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் தெரிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டு அடுப்படியிலேயே நின்றேன். அவர் அங்கிருந்து, "ஆரஞ்சு எத்தன சுளைக்கு எண்பது கிராம் வரும், போட்டுப் பாரேன்" என்று கூப்பிட்டார். என்னைக் கூப்பிட ஒரு சாக்கு. தராசில் வைத்தோம். அவருக்கு உண்டானதை எடுத்துக்கொண்டு, மீதியை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினேன்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. இன்னும் முழுதாகச் சரியில்லை, ஆனால் டாக்டரின் முகம் இளகியிருந்தது. ஆலோசகரிடம் நடந்ததைச் சேகரனை விட்டே சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். நான்தான் இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும் காக், என்று என்னிடம் வருத்தப்பட்டார். இப்போது வாரத்தில் இரண்டு மாலை, எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்து மண்டபத்தில் ஒரு மலாய் அம்மாவிடம் மலாய் கற்றுக்கொள்கிறேன். என்னோடு உட்கார்ந்திருப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் போன வருடம் வந்த பெண்கள். அவர்கள் என்னைவிட வேகமாகப் படிக்கிறார்கள்.

சந்தையில் இப்போது என்னை எல்லோருக்கும் தெரியும். கதை அப்படிப் பரவிவிட்டது. மீன்காரர் கூப்பிட்டு நிறுத்திப் பேசுகிறார். தேங்காய்க் கடைப் பெண் என் மலாயைத் திருத்துகிறார். ஆ லான் எனக்கு முக்காலி போடுகிறார். சேகரன் வருவதில்லை. அங்கே யாருக்கும் அவர்மேல் ஒன்றுமில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "தெரியும் லா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து முனையில் இறக்கிவிட்டு, சந்தைக்கு வெளியே தார்ச்சாலையோரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக மறுமுனைக்கு நடக்கிறார். நான் உள்ளே, கடைகளுக்கு நடுவே நடக்கிறேன். கடைகளின் இடைவெளியில் அவருடைய தலைக்கவசம் தெரிந்தும் மறைந்தும் என்கூடவே வருகிறது. முன்பு அவரைக் கூப்பிட்ட கடைகளிலிருந்து, இரண்டு பக்கமிருந்தும், இப்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொல்கிறேன், அவர் காதில் விழாதபடி.